மூன்றாவது குரலுக்கு ஒரு டெஸ்ட் ரிப்போர்ட்

தம்பி, உங்கள் பனியனில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற ஆள் ரூபன்தானே? முறுக்குக் கம்பிகள் ரூபன்? நினைத்தேன். உக்கடத்தில் பஸ் ஏறும்போதே பார்த்தேன். எடுத்தவுடன் கேட்டால் நன்றாக இருக்காது என்று ஈச்சனாரி வரைக்கும் பொறுத்துக்கொண்டேன்.

நல்ல குழு. மறுக்கவில்லை. கோயமுத்தூரில் ராக் பாட்டு என்று கிதாரைத் தூக்கிக்கொண்டு திரிகிறவர்கள் ஏழெட்டுக் குழு இருப்பார்கள். தமிழில் சொந்தமாக எழுதி, சொந்தமாக மெட்டுப் போட்டு, கேட்கிற மாதிரிப் பாடுகிறவர்கள் இந்த மூன்று பேர்தான். ஆனால் பனியனில் போட ரூபன் முகம்தானா கிடைத்தது என்றுதான் கேட்கிறேன். மூன்று பேரும் பாடுகிறார்கள். மூன்று குரல் இருக்கிறது. அதில் முதல் தரம் எது என்று சனங்களுக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? கண்ணைத் திறந்துகொண்டு கேட்கிறார்கள்.

பொள்ளாச்சி போகிறீர்களா? உடுமலையா? சரி, அப்படியென்றால் நேரம் இருக்கிறது.

என் பெயர் நாச்சிமுத்து. கணபதியில் ஒரு பம்பு கம்பெனியில் டெஸ்டிங்கில் இருக்கிறேன். முப்பத்தோரு வருஷம். அசெம்ப்ளி முடிந்து வருகிற ஒவ்வொரு மோட்டார் பம்பும் என் மேடையில் ஏறி, தண்ணீர் எடுத்து, ஓடிக் காட்டிவிட்டுத்தான் பெட்டிக்குள் போகும். மீட்டர் எல்லாம் இருக்கிறது. மீட்டர் சொல்வதை எழுதிக்கொள்வேன். ஆனால் மீட்டர் சொல்வதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். அடியில் கிர்ர் என்றால் பேரிங். உஸ்ஸென்று மூச்சு வாங்கினால் எங்கோ காற்று இழுக்கிறது. தடதடத்தால் உள்ளே தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லர் ஒரு பக்கம் கனம். என் காதைத் தாண்டிப் போன பம்பு எதுவும் திரும்பி வந்ததில்லை. ஒன்றே ஒன்று வந்தது. அது தாராபுரத்துக்காரர் ஒருவர் கிணற்றுக்குள் நழுவவிட்டுவிட்டு என்மேல் பழி போட்டது. அது இதில் சேராது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஆயுத பூஜை. வருஷா வருஷம் கம்பெனியில் பட்டிமன்றம் வைப்பார்கள். அந்த வருஷம் முதலாளியின் மகள் பொறுப்புக்கு வந்திருந்தார். பட்டிமன்றம் வேண்டாம், ராக் பேண்ட் என்று சொல்லிவிட்டார். சந்தனம் பூசிய லேத், வாழைக்கன்று கட்டிய டிரில்லிங் மிஷின், பொரி, சுண்டல். அதற்கு நடுவில் கறுப்புச் சட்டையோடு மூன்று பேர்.

நான் பின்னால் நின்று பொரி தின்றுகொண்டிருந்தேன். முதல் பாட்டு ஆரம்பித்ததும் கேன்டீன்காரர் சுண்டல் அண்டாவைத் தட்டுப் போட்டு மூடினார். அப்படி ஒரு இரைச்சல். ஆனால் இரைச்சலுக்குள்ளே எது எங்கே ஓடுகிறது என்று பிரித்துக் கேட்பதுதானே என் வேலை? கண்ணை மூடினேன். மூன்று குரலும் தனித்தனியாகக் கிடைத்துவிட்டது.

ரூபன் முதல் குரல். பேஸ் கிதார் வாசித்துக்கொண்டே பாடுவான். ஏழரை ஹெச்.பி. குழாய் நிறையக் கொட்டும். ஆனால் எப்போதும் முழு வேகம். அந்தத் தண்ணீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சலாம், குடத்தில் பிடிக்க முடியாது. ஆல்வின் இரண்டாவது குரல். கிரீஸ் வற்றிய பேரிங். சில பாட்டுக்கு அந்தக் கரகரப்பும் வேண்டியிருக்கிறது, தப்பில்லை. மூன்றாவது குரல் குழந்தைவேலு. டிரம்ஸ்காரன்.

அவனுக்கு இரண்டே வரிதான். 'ரெண்டாம் ஷிப்டு' பாட்டு கேட்டிருப்பீர்களே, அதில் கடைசி. வேலை முடிந்து ஒருவன் சைக்கிளில் வீட்டுக்கு வருகிற பாட்டு. ஐந்து நிமிஷம் ரூபன் மில் சங்கு மாதிரிக் கத்துகிறான். எல்லாம் நிற்கிறது. அப்புறம் அந்தக் குரல் வருகிறது.

'சோறு இருக்குது, மூடி வெச்சிருக்குது. மேல ஒரு தட்டு, தட்டு மேல ஒரு கல்லு.'

அவ்வளவுதான். தம்பி, அதிர்வு இல்லை, கசிவு இல்லை, சூடு இல்லை. தண்ணீர் ஏறுகிறதே தெரியாமல் தொட்டி நிரம்புகிற மாதிரி. என் பக்கத்தில் நின்ற ஃபவுண்டரி ஆறுமுகம் கண்ணைத் துடைத்தார். பொரியில் மிளகாய் என்றார். பொரியில் ஏது மிளகாய்?

அந்த இரண்டு வரி வந்தபோது ரூபன் என்ன செய்தான் தெரியுமா? நான் அந்த நேரம் பார்த்துக் கண்ணைத் திறந்தேன். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மைக்கை வாயோடு வைத்துக்கொண்டு, தன் மைக்கில் பாடிக்கொண்டிருந்த வேலுவையே பார்த்துக்கொண்டு நின்றான். வரி முடிந்த பிறகுதான் இந்தப் பக்கம் திரும்பினான். பொறாமை. அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் கம்பெனி டெஸ்ட் ரிப்போர்ட் தாள் ஒன்றை எடுத்தேன். அதில் கட்டம் எல்லாம் தயாராக இருக்கும். வேகம், அழுத்தம், நீரளவு, சத்தம், அதிர்வு, கசிவு, குறிப்பு. பம்பு நம்பர் என்ற இடத்தில் பாட்டின் பெயரை எழுதினேன். குரலுக்கு ஒரு தாள், மொத்தம் மூன்று. ரூபனுக்கு 'பாஸ், ஆனால் ஓவர்லோடு.' ஆல்வினுக்கு 'ரீவொர்க்', அதாவது பிரித்துத் திரும்பச் செய். வேலுவுக்கு 'முதல் தரம். இரண்டு வரியோடு ஏன் நிறுத்தப்படுகிறது என்று விளக்கவும்.' கீழே கையெழுத்து, தேதி. சௌரிபாளையத்தில் மூடிக்கிடந்த ஒரு லேத் பட்டறையில்தான் அவர்கள் பயிற்சி செய்வார்கள். அந்த விலாசத்துக்குத் தபாலில் அனுப்பினேன்.

மூன்று வருஷம், மாதம் தவறாமல். கச்சேரிக்குப் போனால் கச்சேரிக்கு ஒன்று. போகாத மாதம் போனில் இருக்கிற ஆல்பத்தைக் கேட்டுப் பாட்டுக்கு ஒன்று. பட்டறைச் சுவரில் வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்கள் சிரிப்பதற்காக ஒட்டியிருக்கிறார்கள் என்று ஆறுமுகம் சொன்னார். ஃபவுண்டரி ஆளுக்கு ரிப்போர்ட்டைப் பற்றி என்ன தெரியும்?

அப்புறம் ஒரு மனு தயாரித்தேன். 'குழந்தைவேலு அவர்களுக்கு ஒரு முழுப் பாட்டு வழங்க வேண்டும்.' கம்பெனியில் அறுபத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். அதில் பாதிப் பேர் பாட்டைக் கேட்டதில்லை. ஒருவர் புதுக் கேன்டீனுக்கான மனு என்று நினைத்துப் போட்டிருக்கிறார். அதனால் என்ன, நியாயம் நியாயம்தானே?

மனு போய்ச் சேர்ந்த வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலுவே என் வீட்டுக்கு வந்துவிட்டான். ஒல்லியான ஆள். மேடையில் அந்த அடி அடிக்கிறவனா இவன் என்று இருக்கும். ஒண்டிப்புதூரில் அவர்களுக்குக் கிரைண்டர் கடை. கையில் ஒரு ஃபைல். உள்ளே அவன் குரலுக்கு நான் எழுதிய ரிப்போர்ட்டு மொத்தமும். சுவரில் ஒட்டியிருந்தவற்றில் அவனுடையதை மட்டும் உரித்து எடுத்து வைத்திருக்கிறான்.

"அண்ணா, நீங்க கண்ண மூடிக் கேட்டாலும் அது என் குரல்னு தெரிஞ்சுருமுங்களா?" என்றான்.

"ஆயிரம் பம்பு ஒண்ணா ஓடுனாலும் தெரியும்."

அவன் கொஞ்ச நேரம் ஃபைலையே தடவிக்கொண்டிருந்தான்.

"நெசத்தச் சொல்லோணும்னா, மேடையில எனக்கே என் குரல் கேக்காதுங்ணா. டிரம்ஸ் சத்தத்துல ஒண்ணுந் தெரியாது. வீட்டுல கூட நம்ப மாட்டேங்கறாங்க. பாட்டப் போட்டுக் காட்டி, இது நாந்தான்னு சொன்னா, எம் பொண்டாட்டி சிரிக்கறா. நீங்க ஒரு ஆளுதான் எழுத்துல குடுத்திருக்கறீங்க."

"சிரிக்கிறவங்கள விடுங்க. அடுத்த கச்சேரியில அந்தப் பாட்டு முழுக்க நீங்க பாடோணும். கேளுங்க. குடுக்காட்டி குச்சியக் கீழ வெச்சுருங்க."

அது ஒரு பேச்சுக்குச் சொன்னது. அவன் அப்படியே போய்ச் சொல்லிவிட்டான்.

அடுத்த கச்சேரி சாதாரணக் கச்சேரி இல்லை. அவிநாசி ரோட்டில் ஒரு காலேஜ் அரங்கம். ஞாயிறு மாலை ஐந்து மணி. மெட்ராஸிலிருந்து பாட்டுக் கம்பெனி ஆள் ஒருவர் வந்து கேட்கப் போகிறார். அவருக்குப் பிடித்தால் அடுத்த ஆல்பம் அவர்கள் செலவில். அதற்கு ஐந்து நாள் இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ரூபனும் ஆல்வினும் என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள்.

உட்காரச் சொன்னேன். உள்ளே இருந்த என் பெண்டாட்டிக்கு, "வசந்தாமணி, காப்பி" என்று குரல் கொடுத்தேன்.

ஆல்வின்தான் ஆரம்பித்தான். "அண்ணா, ஒரே ஒரு ரிப்போர்ட்டு எழுதிக் குடுக்கோணுமுங்க. வேலு பாட வேண்டாம், டிரம்ஸே போதும்னு."

"எதுக்கு?"

ஆல்வின் ரூபனைப் பார்த்தான். ரூபன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அது வேலு குரல் இல்லீங்ணா. அதுவும் நாந்தான்."

மேலே சொல்லட்டும் என்று விட்டேன்.

"ஸ்டுடியோவுல அந்த ரெண்டு வரியும் அவனத்தான் பாட வெச்சோம். அவன் ஆசப்பட்டான். கேட்டா, கேக்க முடியல. டீ குடிச்சுட்டு வாடான்னு வெளிய அனுப்பிட்டு, நான் குரலத் தணிச்சுப் பாடி வெச்சுட்டேன். திரும்பி வந்து கேட்டான். 'அடேய், பரவால்லியே, நல்லா வந்திருக்குதே'ன்னான். அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்பிடிங்ணா சொல்றது? அதுக்கப்பறம் மேடையிலயும் அவன் மைக்க நாங்க தொறக்கறதே இல்ல. நான் திரும்பி நின்னு பாடிருவேன்."

"நீங்க மாசாமாசம் முதல் தரம், முதல் தரம்னு எழுதிட்டீங்க" என்றான் ஆல்வின். "இப்ப முழுப் பாட்டு குடு, இல்லாட்டி நான் வரலங்கறான். மைக்கத் தொறந்தா மானம் போயிரும். தொறக்காட்டி அவன் போயிருவான். அவன மாதிரி டிரம்ஸ் அடிக்கறதுக்கு இந்த ஊர்ல ஆளு கெடையாதுங்ணா. அவன் இல்லாட்டி நாங்க ரெண்டு பேரும் கலியாண வீட்டுக்குக்கூட லாயக்கில்ல."

தம்பி, முப்பத்தோரு வருஷம் காதை வைத்துச் சாப்பிடுகிறவன் நான். என் எதிரில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்?

"பாடிக் காட்டு" என்றேன்.

பாடினான். முதலில் அவன் குரலில் ஒரு வரி. மாடத்து விளக்கு அதிர்ந்தது. அப்புறம் குனிந்து, கண்ணை மூடி, 'சோறு இருக்குது, மூடி வெச்சிருக்குது.' ஆல்வினும் சும்மா இருக்கமாட்டாமல் கூடவே கரகரத்தான். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்று குரலும் அப்படியே வந்தது.

அப்போது வசந்தாமணி தட்டோடு வெளியே வந்தாள். தட்டில் நான்கு டம்ளர். எனக்கு ஒன்று, வந்தவர்களுக்கு மூன்று. கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, மெதுவாப் பாடுன தம்பி எங்கீங்க? அதுக்குள்ள போயிட்டாரா?" என்றாள்.

பார்த்தீர்களா? சமையல்கட்டில் தாளித்துக்கொண்டிருக்கிறவளுக்கே அது வேறு ஆள் குரல் என்று தெரிகிறது!

நான் ரூபனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். "தம்பி, நீ வேலு குரல நல்லாக் கத்து வெச்சிருக்கற. மறுக்கல. மிமிக்ரி ஒரு கலைதான்."

"அவன் பாடுனதே இல்லீங்களே, அண்ணா! இல்லாத குரல நான் எங்க போயிக் கத்துக்குவேன்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. சோதிக்காம நான் ஒரு தாள்லயும் கையெழுத்துப் போட்டதில்ல. வேலுவ நேர்ல கேட்டுட்டு எழுதறேன்."

ரூபன் தலையில் கையை வைத்துக்கொண்டான். மூன்றாவது டம்ளர் காப்பியை ஆல்வின் குடித்தான்.

வியாழக்கிழமை கிரைண்டர் கடைக்குப் போனேன். நான்கு கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. வாங்க வந்தவர்களுக்குத் தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டுவார்கள், எங்கள் மேடை மாதிரியேதான். ஒரு அம்மா மகள் கலியாணச் சீருக்கு இரண்டு லிட்டர் கிரைண்டர் பார்த்துக்கொண்டிருந்தார். வேலு கடைக் கடைசியில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, வெட்கப்பட்டு, அப்புறம் பாடினான்.

நான் கண்ணை மூடியிருந்தேன்.

என்ன சொல்வது. இரண்டு வரி முடிவதற்குள் அந்த அம்மா கடைப் பையனைக் கூப்பிட்டு, "கண்ணு, இந்த மிசினுல சத்தம் பெலமா வருது, கல்லு ஒரசுதாட்ட இருக்குது. வேற காட்டு" என்று சொல்லிவிட்டார். பையன் கிரைண்டரை நிறுத்தினான். சத்தம் நிற்கவில்லை. வேலு பாடிக்கொண்டிருந்தான். அந்த அம்மா நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

வேலு முகத்தை என் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றான். "எப்பிடிங்ணா?"

நீங்களாக இருந்தால் அந்த இடத்திலேயே ரிஜெக்ட் என்று எழுதியிருப்பீர்கள். அனுபவம் இல்லாதவர்கள் செய்கிற தப்பு அது. பம்பு முதலில் ஓடும்போது வெறும் காற்றைத்தான் இழுக்கும். கத்தும், கனைக்கும், உதறும். மேலே மூடியைத் திறந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றி நிரப்பினால்தான் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். பிரைமிங் என்பார்கள். அன்றைக்குக் கடையில் கரண்டும் குறைவாக இருந்தது. குரலுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். சுற்றுச்சூழல் என்று ஒன்று இருக்கிறது.

'பாஸ். பாடுவதற்கு முன் பிரைமிங் தேவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "வெந்நி குடிச்சுட்டுப் பாடறேனுங்ணா" என்றான். "ஞாயித்துக்கெழம எம் பொண்டாட்டியும் வர்றா. முன் வரிசையில உக்கார வெக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி வேனில் மனுவில் கையெழுத்துப் போட்ட இருபத்திரண்டு பேரைத் திரட்டிக்கொண்டு போனேன். வசந்தாமணியும் வந்தாள், கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இது முக்கியம். முன் வரிசையில் வேலுவின் பெண்டாட்டி. பக்கத்தில் பாட்டுக் கம்பெனி ஆள், அதற்கு அடுத்து நாங்கள். அரங்கம் நிறைந்துவிட்டது. ஆரம்பிப்பதற்கு முன்னால் மேடைக்குப் போய் வேலுவின் மைக்கை விரலால் தட்டிப் பார்த்தேன். சவுண்டு பார்க்கிற ஆள், "அண்ணா, எல்லாம் சரியா இருக்குது, கீழ எறங்குங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

ஆறு பாட்டு நன்றாகவே போனது. ஏழாவது 'ரெண்டாம் ஷிப்டு.' ஆல்வின் மைக்கில் வந்து, "இந்தப் பாட்ட எங்க வேலு பாடறான்" என்றான். எங்கள் ஆட்கள் இருபத்திரண்டு பேரும் விசில். அப்போது ரூபன் என்ன செய்தான்? கிதாரைக் கழற்றி ஸ்டாண்டில் வைத்துவிட்டு, மேடையை விட்டே இறங்கிப் பக்கத்துத் திரைக்குப் பின்னால் போய்விட்டான். தண்ணீர் குடிக்கவாம்! தன்னோடு இருக்கிறவன் முதல்முறையாக ஒரு முழுப் பாட்டுப் பாடப் போகிறான், இவனுக்கு அப்போதுதான் தாகம் எடுக்கிறது. பேஸ் கிதார் கிடையாது. டிரம்ஸும் ஆல்வின் கிதாரும் மட்டும். வேண்டுமென்றே செய்த வேலை.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

குரல் வந்தது.

தம்பி, இந்தக் குரலுக்கு நான் எழுதிய முப்பத்தேழு ரிப்போர்ட்டும் குறைவு. இரண்டு வரியில் கேட்டதுதான், இப்போது முழுப் பாட்டாக வருகிறது. ரூபன் கத்துகிற இடத்தை எல்லாம் இது கத்தவில்லை. அருகில் உட்கார்ந்து சொல்கிறது. சங்கு ஊதுகிறது, மில் கேட் திறக்கிறது, சைக்கிள் செயின் கழன்றுவிடுகிறது, மாட்டிக்கொண்டு வருகிறான். எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. முதல் வரியில் மட்டும் டிரம்ஸ் ஒரு அடி தவறியது. குச்சி ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் ஒரு கணம் டிரம்ஸே இல்லை, வெறும் குரல். நான் பயந்துவிட்டேன்.

பிறகு டிரம்ஸ் திரும்ப வந்தது பாருங்கள். அந்த மாதிரி அடித்து அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. அடி எல்லாம் குரலுக்குக் கீழே போய் நின்று அதைத் தூக்கிக் கொடுக்கிறது. குரல் மூச்சு வாங்குகிற இடத்தில் குச்சி நிற்கிறது, குரல் இறங்கினால் அதுவும் இறங்குகிறது. பாடுகிறவனும் அடிக்கிறவனும் ஒரே ஆளாக இருந்தால்தான் அப்படி வரும். அதை நான் அங்கேயே தாளில் குறித்துக்கொண்டேன், கண்ணை மூடிக்கொண்டே.

கடைசி இரண்டு வரி. சோறு, தட்டு, கல். அரங்கத்தில் ஒரு இருமல் இல்லை. அப்புறம் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பாட்டுக் கம்பெனி ஆளும் எழுந்தார். நான் கண்ணைத் திறந்தபோது வேலுவின் முகம் முழுக்க நனைந்திருந்தது. அவன் கூட்டத்தைப் பார்க்கவில்லை. பக்கத்துத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் எழுந்து, நேராகத் திரைக்குப் பின்னால் போய், ரூபனைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்து வந்து, கட்டிப் பிடித்துக்கொண்டான். விடவே இல்லை. ரூபனின் கையில் எதற்கோ ஒரு மைக் இருந்தது. "விட்றா, வேர்வ நாத்தம்" என்றான் ரூபன். அது மைக்கில் அரங்கம் முழுக்கக் கேட்டது. கைதட்டல் இன்னும் கூடியது.

என்ன மனசு பாருங்கள்! தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டு மேடையை விட்டுப் போனவனைக்கூடக் கட்டிப் பிடிக்கிறான். வேலுவின் பெண்டாட்டியும் அழுதுகொண்டிருந்தாள். நான் அவளிடம், "இனிமேலாவது நம்புவீங்களா?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு அர்த்தம் புரியவில்லை. "நம்பறேனுங்ணா, அவருக்கு அமைஞ்ச சிநேகிதக்காரங்கள நம்பறேன்" என்றாள். நான் கேட்டது குரலைப் பற்றி.

வேனில் திரும்பும்போது வசந்தாமணி மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, அந்தத் தம்பி மொத வரியோட வாய மூடிட்டாருங்க. அப்பறம் தொறக்கவே இல்ல. கொட்டு மட்டுந்தான் அடிச்சாரு."

"உன் கண்ணாடி எங்க?"

"வீட்டுல."

"அப்பறம் என்ன?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆறுமுகமும் பின் சீட்டிலிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் முழுக் கச்சேரியும் கண்ணைத் திறந்து வைத்திருந்த ஆள். அவரிடம் என்ன பேச்சு?

அந்தக் கச்சேரிக்கான ரிப்போர்ட்டைத் தபாலில் போடவில்லை. நேரிலேயே கொண்டுபோய்ப் பட்டறையில் கொடுத்தேன். வேலுவுக்கு 'குரல் முதல் தரம், டிரம்ஸ் முதல் தரம்.' ஆல்வினுக்கு 'பாஸ்', முதல்முறையாக. ரூபனுக்கு 'முக்கியமான பாட்டில் அனுமதியின்றி இடத்தை விட்டு அகன்றது. சக ஊழியரிடம் பொறாமை. ரிஜெக்ட்.'

வேலு அதை உரக்கப் படித்தான். பொறாமை என்ற இடம் வந்ததும் அவனால் மேலே படிக்க முடியவில்லை. டிரம்ஸ் ஸ்டூலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆல்வின் வெளியே ஓடிவிட்டான். ரூபன் மட்டும் தாளை வாங்கி, கீழே 'பெற்றுக்கொண்டேன்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, சுவரில் நடுவாக ஒட்டினான். தப்பை ஒத்துக்கொண்டான் என்றுதானே அர்த்தம்?

பாட்டுக் கம்பெனிக்காரர் ஒத்துக்கொண்டார். அடுத்த ஆல்பம் வேலை நடக்கிறது. அதில் வேலுவுக்கு எத்தனை பாட்டு என்று கேட்டேன். "நான் ஒரு பாட்டு முழுசாப் பாடிட்டேனுங்ணா, போதும். இனி அடிக்கறதோட சரி" என்று சொல்லிவிட்டான். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சிரிக்கிறான். என் ரிப்போர்ட்டை மட்டும் கேட்டு வாங்கி அந்த ஃபைலில் வைத்துக்கொள்கிறான். இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவன் மனசைக் கலைத்திருக்கிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம். வேறு ஒன்றுமில்லை.

ஆனால் அந்தக் குரலை யாராலும் நிறுத்த முடியவில்லை. அதையும் கேளுங்கள். போன மாதம் திருப்பூரில் ஒரு கச்சேரி. வழக்கம்போல ஆரம்பிப்பதற்கு முன்னால் மேடைக்குப் போய்ப் பார்த்தேன். ரூபனுக்கு மைக், ஆல்வினுக்கு மைக். வேலுவுக்கு முன்னால் மைக்கே வைக்கவில்லை. "வேலுவோட மைக் எங்க?" என்று கேட்டால், சவுண்டு ஆள், "அவருதான் வேண்டாம்னுட்டாருங்ணா" என்கிறான். அநியாயம். பல்லைக் கடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். 'ரெண்டாம் ஷிப்டு' வந்தது. எல்லாம் நின்றது. கண்ணை மூடினேன்.

அதே குரல். முன்னைவிடத் தெளிவாக. நான் கடைசி வரிசையில் இருந்தேன், தம்பி. மைக் இல்லாமல் கடைசி வரிசை வரைக்கும் வந்து சேர்கிறது. ரூபனால் முடியுமா?